சாவி யார் கையில்? கட்டடப் பாதுகாப்பில் பொறுப்பும் அனுமதியும்



முன்னாளில் ஒரு குடும்பத்தின் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்று அறிய வேண்டுமானால், கொத்துச்சாவி யாருடைய இடுப்பில் தொங்குகிறது என்று பார்த்தாலே போதும். மாமியார் மருமகளிடம் சாவியை ஒப்படைக்கும் நாள், குடும்பப் பொறுப்பு கைமாறும் நாளாகக் கருதப்பட்டது. சாவி வைத்திருப்பதை நம் மக்கள் ஒரு மரியாதையாகவே எண்ணி வந்திருக்கிறார்கள்.

இன்று நம் சங்கங்களிலும், திருமண மண்டபங்களிலும், பாலர் பள்ளிகளிலும், அறநிலையக் கட்டடங்களிலும் கொத்துச்சாவியின் இடத்தை ஒரு சிறிய அட்டை பிடித்துக்கொண்டது. சில இடங்களில் விரல் ரேகையோ கைப்பேசியோ அந்த வேலையைச் செய்கிறது. கருவி மாறிவிட்டது, ஆனால் அதைப் பற்றிய நம் எண்ணம் மாறவில்லை. “எனக்கு எல்லாக் கதவும் திறக்கும் அட்டை இல்லையா? என்மேல் நம்பிக்கை இல்லையா?” என்று மனம் வருந்துவோர் உண்டு. அவர்கள் வருந்தக் கூடாதே என்று எண்ணி, கேட்டவர்க்கெல்லாம் அட்டை வழங்கும் செயலாளர்களும் உண்டு.

அதன் விளைவு என்ன? மண்டபத்துப் பொருளறையிலிருந்து ஒலிபெருக்கிச் சாதனம் ஒன்று காணாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அறையைத் திறக்கக்கூடியவர்கள் நாற்பது பேர். யாரைக் கேட்பது? கடைசியாக அங்கே காணப்பட்டவர் ஓர் ஏழைத் தொண்டூழியர் என்றால், எல்லாருடைய பார்வையும் அவர்மேல் விழும். அவர் குற்றமற்றவராக இருக்கலாம். அதை மெய்ப்பிக்க வழி இருக்காது. பல ஆண்டு உழைப்பைத் தந்த ஒருவர், ஒரு சொல்லும் சொல்லாமல் ஒதுங்கிப் போய்விடுவார். பொருளை மீண்டும் வாங்கிவிடலாம். போன தொண்டூழியரைத் திரும்பப் பெற முடியுமா?

ஆகவேதான் யாருக்கு எந்தக் கதவு என்ற கேள்வியை, பூட்டு விற்பவரிடம் மட்டும் விட்டுவிடாமல், நிர்வாகக் குழுவினரும் நன்கொடையாளர்களும் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கதவின் பின்னால் நடப்பது என்ன?

அட்டையைக் கதவருகே காட்டுகிறோம்; பச்சை விளக்கு எரிகிறது; கதவு திறக்கிறது. இந்த ஒரு நொடிக்குள் நான்கு பொருள்கள் வேலை செய்கின்றன. முதலாவது, சுவரில் உள்ள வாசிப்பான். அது அட்டையிலுள்ள எண்ணைப் படிக்கிறது. இரண்டாவது, கூரைக்கு மேலோ சிறு அறையிலோ மறைவாக வைக்கப்பட்டிருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி; திறக்கலாமா கூடாதா என்று முடிவு செய்வது இதுவே. மூன்றாவது, கதவிலுள்ள மின்பூட்டு. நான்காவது, அலுவலகத்திலுள்ள கணினி. யாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியலை எழுதிப் பெட்டிக்கு அனுப்புவது அதன் பணி.

அட்டைக்குள் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. பெரும்பாலும் அதில் இருப்பது ஓர் எண்தான். “இந்த எண்ணுக்கு உரியவர், இந்தக் கதவை, இந்த நேரத்தில் திறக்கலாமா?” என்ற மூன்று கூறுகள் அடங்கிய கேள்விக்குப் பட்டியலில் விடை இருந்தால் கதவு திறக்கும், இல்லையேல் திறவாது. யார், எங்கே, எப்போது: அனுமதி என்பது இம்மூன்றும் சேர்ந்தது. நம் கட்டடங்கள் பலவற்றில் முதல் இரண்டையும் கவனிக்கிறார்கள், மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். காலை எட்டு மணிக்கு வேலைக்கு வருபவரின் அட்டை, இரவு இரண்டு மணிக்கும் கதவைத் திறந்து விடுகிறது.

ஆளுக்கு அன்று, பொறுப்புக்கு

பன்னிரண்டு கதவுகள் உள்ள ஒரு கட்டடத்தில் அறுபது பேருக்கு அட்டை வழங்குவதாகக் கொள்வோம். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனியாக முடிவு செய்தால், 720 முடிவுகள் எடுக்க வேண்டும். யாராலும் இதை ஒழுங்காகச் செய்ய இயலாது. அலுவலக உதவியாளர் என்ன செய்வார்? “முன்பு இருந்தவருக்கு என்ன கொடுத்தோமோ அதையே இவருக்கும் போடு” என்பார். முன்பு இருந்தவரோ பத்து ஆண்டுகளில் பத்து வேலை பார்த்து, எல்லாக் கதவுகளையும் சேர்த்து வைத்திருப்பார்!

இதற்கு ஒரு நல்ல வழியை அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிலையத்தைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்ட் கூன் ஆகிய இருவரும் 1992-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் வகுத்துக் கூறினார்கள். அனுமதியை ஆளுக்குக் கொடுக்காமல் பொறுப்புக்குக் கொடுக்க வேண்டும். பிறகு ஆளை அந்தப் பொறுப்பில் சேர்க்க வேண்டும் என்பதே அதன் சாரம். கணினித் துறைக்காக எழுதப்பட்ட இம்முறை 2004-இல் அந்நாட்டின் தேசியத் தரநிலையாகவும் ஏற்கப்பட்டது. இன்று கட்டடக் கதவுகளை ஆளும் மென்பொருள்கள் பலவும் இவ்வழியையே பின்பற்றுகின்றன.

நம் உதாரணத்தில் ஏழு பொறுப்புகள் என்று வகுத்தால், எடுக்க வேண்டிய முடிவுகள் 84 மட்டுமே. ஒரே கூட்டத்தில் நிர்வாகக் குழுவினர் அமர்ந்து பேசி, கையொப்பமிட்டுவிடலாம். அதன் பின், புதிதாக ஒருவர் வந்தால் “இவர் எந்தப் பொறுப்பில் இருக்கிறார்?” என்ற ஒரே கேள்விதான்.

ஒரு கட்டடம், ஏழு பொறுப்புகள்

தரைத்தளத்தில் மண்டபமும் சமையற்கூடமும், இரண்டாம் மாடியில் பாலர் பள்ளியும், மூன்றாம் மாடியில் அலுவலகமும் காசாளர் அறையும், நான்காம் மாடியில் பொருளறையும் கூட்ட அறையும் உள்ள ஒரு கட்டடத்தை மனத்தில் கொள்ளுங்கள். பொறுப்புகளை இவ்வாறு பிரிக்கலாம்:

1. அலுவலகப் பணியாளர்: பிரதான வாயில், அலுவலகம், வேலை நாட்களில் காலை 8 முதல் மாலை 7 வரை.

2. காசாளர்: மேற்கண்டவற்றுடன் காசாளர் அறை, அலுவலக நேரத்தில் மட்டும்.

3. பாலர் பள்ளி ஆசிரியர்: பிரதான வாயில், இரண்டாம் மாடி, பள்ளி நாட்களில் காலை 6.30 முதல் மாலை 7.30 வரை.

4. துப்புரவுப் பணியாளர்: பிள்ளைகள் வருவதற்கு முன் பாலர் பள்ளி, அதன் பின் பொது இடங்கள், காசாளர் அறை இல்லை.

5. நிகழ்ச்சித் தொண்டூழியர்: மண்டபம், சமையற்கூடம், பொருளறை, நிகழ்ச்சி நாளன்றும் அதற்கு முதல் நாளும் மட்டும்.

6. பாதுகாவலர்: சுற்றிப் பார்க்க வேண்டிய எல்லா வழிகளும், தம் பணி நேரத்தில் மட்டும், காசாளர் அறைக்குள் நுழைய இல்லை.

7. நிர்வாகக் குழு உறுப்பினர்: பிரதான வாயில், கூட்ட அறை, அலுவலகம்.

ஏழாவதைக் கண்டு சிலர் வியப்படையலாம். தலைவருக்கே காசாளர் அறையும் பாலர் பள்ளியும் திறக்காதா? அவசியம் நேர்ந்தால், உரியவர் உடனிருக்கத் திறக்கும். பிள்ளைகள் உறங்கும் அறைக்குள் ஆசிரியர் அல்லாத எவரும் தாமாக நுழைய முடியாது என்பதைப் பெற்றோர் அறிந்தால், அந்தப் பள்ளிமீது அவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை பிறக்கும்!

ஒருவருக்கு இரண்டு பொறுப்பு இருப்பதில் தவறில்லை. பாலர் பள்ளி ஆசிரியை ஒருவர் விழாக்காலத்தில் தொண்டூழியராகவும் வரலாம். அவருக்கு இரண்டு பொறுப்பையும் சேர்த்துக் கொடுக்கலாம். விழா முடிந்ததும் ஐந்தாவதை மட்டும் நீக்கினால், மூன்றாவது அப்படியே இருக்கும். ஆளுக்கு நேரடியாகக் கதவுகளைக் கொடுத்திருந்தால், எந்தக் கதவு எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. எதையும் நீக்க எவருக்கும் துணிவு வராது.

குளிர்சாதனம் பழுதுபார்க்க வருபவர், மின்தூக்கி ஒப்பந்தக்காரர் முதலியோருக்கு நிலையான பொறுப்பு வேண்டியதில்லை. அன்றைய தேதியுடன் தானே காலாவதியாகும் பார்வையாளர் அட்டை போதும்; உள்ளே ஒருவர் உடன் செல்வது நலம்.

கதவைத் திறப்பவர் வேறு, கணினியை ஆள்பவர் வேறு

இதுவரை கண்டது கதவுகளைத் திறக்கும் அனுமதி. இதைவிட முக்கியமான இன்னொரு வகை உண்டு. அந்த அனுமதிகளை எழுதவும் மாற்றவும் அழிக்கவும் கணினிக்குள் நுழையும் அனுமதி அது. எல்லாக் கதவும் திறக்கும் அட்டை ஒருவரிடம் இருந்தால், அவர் சென்ற இடமெல்லாம் பதிவாகும். கணினியை முழுமையாக ஆள்பவரோ, புதிதாக ஓர் அட்டையை உருவாக்கலாம். சில அமைப்புகளில் பதிவையே அழித்துவிடவும் முடியும். ஆகவே இங்கேயும் பொறுப்புகளைப் பிரிக்க வேண்டும். நான்கு போதும்.

முதன்மை நிர்வாகி: அமைப்பை மாற்றுபவர். இருவர் இருத்தல் நலம். ஒருவரே இருந்தால் அவர் வெளியூர் செல்லும்போது சிக்கல், ஐவர் இருந்தால் எப்போதும் சிக்கல்.

அட்டைப் பதிவாளர்: ஆட்களைப் பொறுப்புகளில் சேர்ப்பவர், நீக்குபவர். புதிய பொறுப்பை உருவாக்கவோ, ஒரு பொறுப்புக்குரிய கதவுகளைக் கூட்டவோ அவரால் முடியாது.

கண்காணிப்பாளர்: பணியிலுள்ள பாதுகாவலர். அபாய ஒலிகளையும் கேமராப் படங்களையும் காணலாம், வாயிலைத் திறந்துவிடலாம். பதிவை அழிக்கவோ, படத்தைப் பிரதி எடுக்கவோ இயலாது.

தணிக்கையாளர்: எல்லாப் பதிவுகளையும் படிக்கலாம், எதையும் மாற்ற முடியாது.

ஒவ்வொருவருக்கும் தம் பெயரில் தனிக் கணக்கும் தனிக் கடவுச்சொல்லும் வேண்டும். காவல் மேசையில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கணக்கு, கடவுச்சொல் திரையின் ஓரத்தில் ஒட்டிய தாளில் என்ற நிலை இருந்தால், பதிவேட்டில் எழுதப்படுவது ஒருவருடைய பெயராகாது. கருவியைப் பொருத்திய நிறுவனம் வைத்துவிட்டுப் போன தொடக்கக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்ற வேண்டும். பிறந்த தேதி, அடையாள அட்டை எண் ஆகியவற்றைக் கடவுச்சொல்லாக வைப்பதும் தவறு. அவை பிறர் அறியக்கூடியவை.

ஒரே கணக்குக்கு எல்லா அதிகாரத்தையும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2021-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்காவில் நடந்த நிகழ்ச்சி ஓர் உதாரணம். வெர்காடா என்ற கண்காணிப்புக் கேமரா நிறுவனத்தின் மிகை அதிகாரம் கொண்ட நிர்வாகிக் கணக்கு ஒன்றின் பெயரும் கடவுச்சொல்லும் இணையத்தில் வெளிப்படையாகக் கிடந்ததாகவும், அதைக் கொண்டு தாங்கள் ஏறத்தாழ 1,50,000 கேமராக்களை அணுக முடிந்ததாகவும் ஊடுருவியவர்கள் கூறினர். மருத்துவமனை, பள்ளி, சிறைச்சாலை, தொழிற்சாலை எல்லாம் அவற்றுள் அடங்கும். ஒவ்வொரு கட்டடமும் தன் கதவைப் பூட்டித்தான் வைத்திருந்தது. எல்லாவற்றையும் திறக்கும் ஒரு சாவி வேறெங்கோ இருந்தது.

வேண்டிய அளவே அனுமதி

ஒருவருக்கு அவர் செய்யும் வேலைக்கு வேண்டிய அளவு அனுமதி மட்டுமே இருக்க வேண்டும் என்ற கொள்கையை, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் ஆகியோர் 1975-இல் வெளியிட்ட கட்டுரையில் தெளிவாக எடுத்துரைத்தனர். அனுமதி என்பது குறிப்பாகக் கொடுக்கப்பட்டால் மட்டுமே உண்டு, கொடுக்கப்படாதது எல்லாம் மறுக்கப்பட்டதாகும் என்ற கொள்கையும் அதில் இடம்பெற்றுள்ளது. “எல்லாம் திறக்கட்டும், இதை மட்டும் பூட்டு” என்று தொடங்கினால், எதையாவது மறந்துபோவோம். அந்த மறதி ஒரு திறந்த கதவாக நிற்கும். “எல்லாம் பூட்டியிருக்கட்டும், இதை மட்டும் திற” என்று தொடங்கினால், மறந்துபோனதை மறுநாளே யாராவது வந்து கேட்பார்கள். முதல் மறதி நமக்குத் தெரிய வராது. இரண்டாவது உடனே தெரிந்துவிடும்.

இங்கேதான் மரியாதைப் பிரச்சினை வருகிறது. பெரும் நன்கொடை வழங்கிய ஒரு பெரியவர், “நான் கட்டிக் கொடுத்த மண்டபத்துக்கு எனக்கு அட்டை இல்லையா?” என்று கேட்டால், மறுப்பது எளிதன்று. ஆயினும் அன்பர்கள் சற்றுச் சிந்திக்க வேண்டும். அந்த அட்டை அவருக்கு என்ன தருகிறது? பூட்டிய மண்டபத்தில் இரவு நேரத்தில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் அட்டை அவருடைய பையிலிருந்து தொலைந்தால், அதை எடுத்தவர் நுழைந்த நேரம் எல்லாம் பதிவேட்டில் அவர் பெயரில் எழுதப்படும். அவருக்கு நாம் கொடுத்தது மரியாதையா, சுமையா? அவருக்கு உரிய சிறப்பை வாயிலில் வரவேற்பதிலும் முன்வரிசை இருக்கையிலும் காட்டலாம். பொருளறைச் சாவியால் காட்ட வேண்டியதில்லை.

இன்னொரு பண்பையும் சொல்ல வேண்டும். பின்னால் வருபவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது நம் பழக்கம். பொதுக் கதவில் அது நற்பண்பு. அட்டைக் கதவில் ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர் நுழைந்தால், பதிவில் இருப்பது ஒருவர் பெயரே. ஒவ்வொருவரும் தம் அட்டையைக் காட்டுவதே அங்கு முறை.

ஒரு கையில் இரண்டு சாவி வேண்டாம்

வங்கிகளில் பாதுகாப்புப் பெட்டகத்தை இரண்டு சாவிகள் சேர்ந்தே திறக்கும் என்பதை நாம் அறிவோம். உண்டியலை ஒருவர் மட்டும் தனியே இருந்து திறந்து எண்ணுவதில்லை என்பதும் நாம் அறிந்ததே. ஒருவரை ஐயுற்று ஏற்பட்ட வழக்கம் அன்று இது. தனியே எண்ணியவர்மேல் நாளை யாரும் ஐயம் கொள்ளாதிருக்கச் செய்யும் ஏற்பாடு.

இவ்வொழுங்கு தவறியதால் விளைந்த பெருங்கேட்டைச் சிங்கப்பூர் நேரில் கண்டிருக்கிறது. 1762-இல் தொடங்கப்பட்ட இங்கிலாந்தின் பேரிங்ஸ் வங்கி, 1995 பிப்ரவரியில் வீழ்ந்தது. சிங்கப்பூர்க் கிளை நிறுவனத்தில் பணியாற்றிய நிக் லீசன், சந்தையில் வாங்கி விற்கும் பொறுப்பையும், அந்த வாங்கல் விற்றலைக் கணக்கில் சரிபார்க்கும் பொறுப்பையும் ஒருசேரத் தம் கையில் வைத்திருந்தார். இழப்புகளை 88888 என்ற எண்ணுள்ள கணக்கில் மறைத்தார். இரு பொறுப்புகளும் ஒருவரிடம் இருப்பது தவறு என்று வங்கியின் உள்தணிக்கையே 1994-இல் சுட்டிக்காட்டியிருந்தும், அது பிரிக்கப்படவில்லை. முடிவில் இழப்பு 80 கோடிப் பவுண்டுக்கு மேல். 233 ஆண்டுப் பழைமை வாய்ந்த வங்கி ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது.

அது வங்கிக் கணக்கு, இது கட்டடக் கதவு. ஆனால் பாடம் ஒன்றே. அட்டை வழங்குபவரும், வழங்கிய அட்டைகளைத் தணிக்கை செய்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. அனுமதி கேட்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் ஒருவர், கணினியில் பதிபவர் ஒருவர் என்று இருத்தல் வேண்டும். சிறிய சங்கத்தில் ஆள் பற்றாக்குறை என்றால், இருவராவது வேண்டும். பதிபவர் தமக்குத்தாமே அனுமதி எழுதிக்கொள்ளாதபடி மென்பொருளில் தடை செய்ய முடிந்தால் இன்னும் நன்று.

போனவரின் அட்டை

ஒருவர் பணியில் சேரும்போது அட்டை கேட்டு மூன்று முறை வருவார். பணியை விட்டுப் போகும்போது அதைத் திருப்பிக் கொடுக்க ஒரு முறையும் வரமாட்டார். இது மனித இயல்பு. எனவே, அனுமதி தானே முடியும்படி தொடக்கத்திலேயே தேதி குறித்துவிட வேண்டும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் இரண்டு ஆண்டு என்றால், உறுப்பினர் அட்டையும் இரண்டு ஆண்டு. ஒப்பந்தப் பணியாளரின் அட்டை, ஒப்பந்தம் முடியும் நாளில் முடிய வேண்டும். மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டால் மீண்டும் கொடுக்கலாம். அதற்கு ஒரு நிமிடம் போதும்.

ஒருவர் விலகிய அன்றே அவருடைய அட்டையையும் கணினிக் கணக்கையும் நிறுத்த வேண்டும். கணக்கை அழித்துவிடக் கூடாது. நிறுத்தி வைத்தாலே போதும். அழித்தால், பழைய பதிவுகளில் அவருடைய பெயரும் சேர்ந்து மறையக்கூடும். தொலைந்த அட்டையைப் பற்றி யாரும் தயங்காமல் உடனே தெரிவிக்கும்படி செய்ய வேண்டும். “தொலைத்தால் ஐம்பது வெள்ளி அபராதம்” என்று எழுதி ஒட்டினால், பலர் சொல்லாமலேயே இருந்துவிடுவார்கள். ஐம்பது வெள்ளியைக் காத்து, கட்டடத்தைத் திறந்து வைத்த கதையாகிவிடும்.

தொழில்நுட்பக் குறிப்பு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பல அமைப்புகளில், கதவின் கட்டுப்பாட்டுப் பெட்டி தன் நினைவிலேயே அனுமதிப் பட்டியலின் பிரதியை வைத்திருக்கும். அலுவலகக் கணினி நின்றுபோனாலும் கதவுகள் வேலை செய்வது இதனால்தான். இதிலேயே ஓர் இடரும் உண்டு. கணினியில் ஓர் அட்டையை நிறுத்தும்போது, இடையிலுள்ள கம்பித் தொடர்பு அறுந்திருந்தால், அந்தச் செய்தி பெட்டிக்குப் போய்ச் சேராது. நிறுத்திய அட்டை அங்கே தொடர்ந்து திறக்கும். ஆகவே முக்கியமான ஒருவர் விலகும்போது, அவர் அட்டையைக் கொண்டே ஒவ்வொரு கதவிலும் காட்டிச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு பொறுப்பிலும் உள்ள பெயர்களை அச்சிட்டு, அந்தந்தப் பிரிவின் தலைவரிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்க வேண்டும். பாலர் பள்ளித் தலைமையாசிரியைக்குத் தம் ஆசிரியர்கள் யார் என்று தெரியும், கணினிக்குத் தெரியாது.

பதிவேடு யாருக்காக?

ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும், திறக்க மறுக்கும்போதும், யார், எந்தக் கதவு, எந்த நேரம் என்று பதிவாகிறது. குற்றவாளியைப் பிடிக்கவே இப்பதிவு என்று பலர் கருதுகின்றனர். குற்றமற்றவர்க்கே இது அதிகம் பயன்படுகிறது. முன்னர் சொன்ன தொண்டூழியரை நினைத்துப் பாருங்கள். பொருளறைக்கு அனுமதி உள்ளவர்கள் ஐந்து பேர்; பொருள் காணாமற்போன அந்த இரண்டு நாட்களில் அவர் அட்டை அக்கதவில் காட்டப்படவே இல்லை என்று ஒரு நிமிடத்தில் காட்டிவிடலாம். அவர் தலைநிமிர்ந்து நிற்கலாம்.

அதே பதிவேடு தவறான கையில் சிக்கினால் ஆபத்தாகும். யார் எத்தனை மணிக்கு வந்தார், யாருடன் வந்தார் என்பது வம்புக்கு உரிய பொருளன்று. சிங்கப்பூரில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் நிறைவேறி, அதன் முக்கிய விதிகள் 2014 ஜூலை 2 முதல் நடப்புக்கு வந்தன. கேமராவில் பதிவான முகமும், அட்டைப் பதிவிலுள்ள பெயரும் அதன் கீழ் தனிநபர் தகவல்களே. ஒரு நோக்கத்துக்காகத் திரட்டியதை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தலாகாது. தேவை முடிந்த பின் வைத்திருக்கலாகாது. மேலும், 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டாலோ அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ அன்றி, அமைப்புகள் அடையாள அட்டை எண்ணைத் திரட்டக் கூடாது; சட்டம் கேட்டாலன்றி அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. காவல் மேசையில் வருவோர் போவோரின் அடையாள அட்டையைப் பிடித்து வைத்துக்கொண்டு பார்வையாளர் அட்டை கொடுக்கும் பழைய வழக்கத்தை இன்னும் விடாதவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எனவே பதிவைக் காணும் அனுமதியும் ஒரு பொறுப்புக்கு உரியதாக இருக்கட்டும். யார் எப்போது பதிவைத் திறந்து பார்த்தார் என்பதும் பதிவாகட்டும்.

தீயும் இருளும்

எவ்வளவு சிறந்த அனுமதிப் பட்டியலானாலும், உயிர் காக்கும் வழியில் குறுக்கே நிற்கக் கூடாது. தீ அபாய மணி ஒலித்ததும், வெளியேறும் வழியிலுள்ள மின்பூட்டுகள் தாமே விடுபட வேண்டும். உள்ளிருந்து வெளியே செல்ல எவருக்கும் அனுமதி தேவைப்படக் கூடாது. மின்காந்தப் பூட்டு மின்சாரம் இருக்கும்வரையே பிடித்திருக்கும். மின்சாரம் நின்றால் திறந்துகொள்ளும். காசாளர் அறை போன்ற இடங்களுக்கு, மின்சாரம் நின்றாலும் வெளிப்புறம் பூட்டியே இருந்து, உள்ளிருந்து கைப்பிடியைத் திருப்பினால் திறக்கும் பூட்டு ஏற்றது. எந்தக் கதவுக்கு எது என்பதைப் பொருத்துமுன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கணினியே முடங்கினால் என்ன செய்வது? 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் நிறுவனத்தின் சேவைகள் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் நின்றன. பழுது நீக்க வேண்டிய ஊழியர்களில் சிலரால், அட்டை வேலை செய்யாததால் தங்கள் கட்டடங்களுக்குள்ளேயே நுழைய முடியவில்லை என்று அப்போது செய்திகள் வெளிவந்தன. அத்தகைய பெரிய நிறுவனத்துக்கே இந்நிலை என்றால், நாம் எம்மாத்திரம்?

ஆதலால், முக்கியக் கதவுகளுக்குச் சாதாரணச் சாவி ஒன்று கண்டிப்பாக இருக்க வேண்டும். முதன்மை நிர்வாகியின் கடவுச்சொல்லை எழுதி, முத்திரையிட்ட உறையில் பெட்டகத்தில் வைக்கலாம். இரு பொறுப்பாளர்கள் சேர்ந்தே அதைப் பிரிக்க வேண்டும். பிரித்த காரணத்தை எழுதி வைக்க வேண்டும். பயன்படுத்திய பின் கடவுச்சொல்லை மாற்றி, புதிய உறையில் இட வேண்டும்.

குழுவினர் கேட்க வேண்டிய கேள்விகள்

அடுத்த கூட்டத்தில் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்: இன்று நம் கட்டடத்தில் செல்லுபடியாகும் அட்டைகள் எத்தனை? அவற்றுள் உரியவர் இன்னும் பணியில் இருப்பவை எத்தனை? எல்லாக் கதவும் திறக்கும் அட்டை யார் யாரிடம் உள்ளது, ஏன்? கணினியை முழுமையாக ஆளக்கூடியவர்கள் யார்? கருவி பொருத்திய நிறுவனத்துக்கு இன்னும் உள்ளே நுழைய வழி இருக்கிறதா? பட்டியலைக் கடைசியாகச் சரிபார்த்த நாள் எது? இவற்றுக்கு விடை உடனே கிடைத்தால் நிம்மதி. கிடைக்காவிட்டால், விலையுயர்ந்த புதிய கருவி வாங்குமுன் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, பொறுப்புகளை எழுதத் தொடங்குங்கள். அதற்குச் செலவு இல்லை.

நம் கட்டடங்கள் பலருடைய நன்கொடையாலும் உழைப்பாலும் எழுந்தவை. அவற்றில் பணி செய்வோர் பெரும்பாலும் ஊதியம் கருதாதவர்கள். ஒரு கதவு ஒருவருக்குத் திறக்கவில்லை என்றால், அவர்மேல் நம்பிக்கை இல்லை என்பது பொருளன்று. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நேர்ந்தாலும் அவருக்கு அதில் பங்கில்லை என்று கட்டடமே அவருக்காகச் சாட்சி சொல்கிறது என்பதே பொருள். இதை அன்பர்கள் யாவரும் மனத்தில் கொண்டு, தத்தம் அட்டையைப் பொறுப்புடன் வைத்திருந்து, பொறுப்பு முடிந்த நாளில் மகிழ்ச்சியுடன் திருப்பி ஒப்படைக்க வேண்டுமாய்ப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.